ஆசிரியர் நாற்காலியில் திரையை வைக்க வேண்டாம்: செட்டிநாட்டுக் கல்வி அறக்கட்டளைகளுக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டுக் கல்வி அறக்கட்டளைகளின் மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கும், பள்ளித் தாளாளர்களுக்கும் செயலர்களுக்கும், சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் அமெரிக்காவிலும் வாழ்ந்தபடி சொந்த ஊர்ப் பள்ளியை மறவாமல் நன்கொடை அனுப்பிவரும் பெருமக்களுக்கும் என் வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்துப் பள்ளிக் குழுக்களில் அண்மைக் காலமாக ஒரு யோசனை பேசப்பட்டு வருகிறது. அரசு உதவிபெறும் தனியார் பள்ளியில் ஓர் ஆசிரியர் ஓய்வுபெற்றால், அவ்விடத்தை நிரப்ப அரசின் அனுமதி வரும்வரை நிர்வாகம் தன் பணத்தில் ஒருவரை அமர்த்திக்கொள்வது வழக்கம். இனி அப்படி அமர்த்தத் தேவையில்லை; அந்தச் சம்பளப் பணத்தைச் சேர்த்து வகுப்புக்கு ஒரு திறன்பலகையும் பிள்ளைக்கு ஒரு டேப்லெட்டும் வாங்கிவிட்டால் பாடத்தைச் செயலி நடத்திவிடும், ஐயங்களைச் செயற்கை நுண்ணறிவு தீர்த்துவிடும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மேற்பார்வையாளர் இருந்தால் போதும் என்கிறார்கள். விற்பனைப் பிரதிநிதிகள் வந்து படம் போட்டுக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். சில குழுக்களில் இது தீர்மானமாகும் நிலையில் இருப்பதாகவும் அறிகிறேன்.

இந்த வட்டாரத்தின் உதவிபெறும் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகவும் பின்னர் தலைமையாசிரியையாகவும் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். அந்தத் தீர்மானத்தை நிறைவேற்ற வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். பள்ளிக்குக் கருவிகள் வரட்டும். அவற்றின் பயனை நானும் கண்டிருக்கிறேன். ஆனால் ஆசிரியருக்கென்று செலவழிய வேண்டிய பணம் ஆசிரியருக்கே செலவழியட்டும்.

முதலில், இன்று நம் பள்ளிகளில் படிப்பவர்கள் யார் என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். பள்ளியைக் கட்டிக் கொடுத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இப்போது அங்கே படிப்பதில்லை. அவர்கள் ஊரிலேயே இல்லை. கொத்தனார், சித்தாள், ஆத்தங்குடியில் தரைக்கல் செய்பவர், புதுவயல் அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர், பெரிய வீடுகளைக் காவல் காக்கும் குடும்பத்தார், கல்யாண வீடுகளுக்குச் சமையல் உதவிக்குப் போகும் பெண்கள் ஆகியோரின் பிள்ளைகளே இன்று அந்த ஓட்டுக் கட்டடங்களில் அமர்ந்திருக்கிறார்கள். மாலையில் வீட்டுக்குப் போனால் பாடம் சொல்லித்தர ஆள் கிடையாது. தாய்க்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தாலும் உட்கார்ந்து கேட்க நேரம் இருக்காது. படித்த பெற்றோரும் தனிப்பயிற்சியும் வீடு நிறையப் புத்தகமும் உள்ள நகரத்துப் பிள்ளைக்கு டேப்லெட் கூடுதல் துணையாக அமையக்கூடும். நம் பிள்ளைக்குப் படிப்பென்றால் பள்ளிக்கூடம் மட்டும்தான், பள்ளிக்கூடமென்றால் டீச்சர்தான். அந்த ஒருவரை எடுத்துவிட்டால் அவ்விடத்தில் நிற்க வேறு ஆள் இல்லை.

ஆசிரியரும் வகுப்பறையும் இல்லாமல் கருவியை மட்டும் கொண்டு கல்வி நடத்தினால் என்ன ஆகும் என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு முழுவதும் அது நடந்தே முடிந்திருக்கிறது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இடையில் ஏறத்தாழ 19 மாதங்கள். அந்தக் காலத்தில் கருவிகளுக்குக் குறைவில்லை. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி வகுப்புவாரியாகப் பாடங்களை ஒளிபரப்பியது. பாடநூல்களில் அச்சிட்டிருந்த கியூஆர் குறியீட்டை வருடினால் காணொளி வந்தது. ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்பினார்கள். நல்ல பாடங்கள்தாம், அவற்றைத் தயாரித்தவர்கள் மனமொன்றி உழைத்தவர்கள். ஆனால் வீட்டில் இருந்த ஒரே கைபேசி காலை ஏழு மணிக்கு அப்பாவின் சட்டைப்பையில் ஏறி வேலைக்குப் போய்விட்டது. தொலைக்காட்சியில் இரண்டாம் வகுப்புப் பாடம் ஓடும் நேரத்தில் பிள்ளை ஆட்டை ஓட்டிக்கொண்டு கண்மாய்க் கரையில் நின்றது. பாடம் பார்த்த பிள்ளையையும்கூட, பார்த்தாயா, என்ன புரிந்தது என்று கேட்க எவரும் இல்லை.

அதன் விளைவைப் பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவருடன் இணைந்த ஆய்வாளர்களும் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளை நேரில் சோதித்து அளந்தார்கள். பள்ளி திறந்த வேளையில் குழந்தைகள் மொழியிலும் கணிதத்திலும் பின்தங்கியிருந்தார்கள். கணிதத்தில் ஏற்பட்ட இழப்பு மொழியில் ஏற்பட்டதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது அதற்குப் பின் நடந்ததை. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கை அதே குழந்தைகள் மீட்டுவிட்டார்கள். அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் விளைந்தது என்று அதே ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அந்தத் திட்டத்தில் என்ன கருவி இருந்தது? பெரும்பாலும் எதுவும் இல்லை. உள்ளூரில் படித்த பெண்கள் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு, மாலை 5 மணி முதல் 7 மணி வரை, கோயில் மண்டபத்திலும் வீட்டுத் திண்ணையிலும் பிள்ளைகளை உட்காரவைத்துப் படிக்கச் சொன்னார்கள், பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள், கணக்குப் போட வைத்தார்கள். 19 மாதம் திரை செய்ய இயலாததைச் சில மாதங்களில் மனிதர்கள் பெருமளவு செய்து காட்டியிருக்கிறார்கள். பிற மாநிலத்துச் சான்றையோ பிற நாட்டுச் சான்றையோ தேடிப் போவதற்கு முன்னால், நம் ஊர்களிலேயே நடந்த இதைச் சிந்தித்துப் பாருங்கள் என்று வேண்டுகிறேன்.

கணினியை மட்டும் கொடுத்துவிட்டால் குழந்தைகள் தாமே கற்றுக்கொள்வார்கள் என்பதற்குச் சான்றாக, தில்லியின் கால்காஜி பகுதியில் 1999-இல் கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா சுவரில் துளையிட்டுக் கணினி வைத்த சோதனையை விற்பனைப் பிரதிநிதிகள் தவறாமல் எடுத்துச் சொல்கிறார்கள். குழந்தைகள் தாமாகவே கணினியை இயக்கக் கற்றார்கள் என்பது உண்மை. ஆனால் அதே மித்ரா பின்னாளில் தமிழகத்தின் கள்ளிக்குப்பம் கிராமத்தில் செய்த சோதனையை அவர்கள் சொல்வதில்லை. தமிழ் மட்டுமே அறிந்த கிராமத்துப் பிள்ளைகளிடம், மரபணு இரட்டிப்பாவதைப் பற்றிய ஆங்கிலப் பாடங்கள் நிறைந்த கணினியை வைத்துவிட்டுப் போனார். தாமாகவே முட்டி மோதி, நூற்றுக்கு 30 மதிப்பெண் அளவுக்கு அவர்கள் வந்தார்கள். வியக்கத்தக்க முயற்சிதான், ஆனால் தேர்ச்சி பெற அது போதாது. அதற்கு மேல் கொண்டுபோக அவர் அந்த ஊரில் பணியாற்றிய ஓர் இளம்பெண்ணின் உதவியை நாடினார். அந்தப் பெண்ணுக்கு அறிவியல் தெரியாது. பிள்ளைகளின் பின்னால் நின்று, இது என்ன, இதை எப்படிக் கண்டுபிடித்தாய், எனக்கும் காட்டு என்று ஆர்வத்தோடு கேட்பது மட்டுமே அவர் செய்தது. மதிப்பெண் 50-ஐத் தொட்டது. தில்லியின் வசதியான தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையாக அவர்கள் வந்து நின்றார்கள். பாடம் தெரியாத ஒருவரின் அக்கறையே இவ்வளவு செய்யுமென்றால், பாடமும் தெரிந்து, பிள்ளையையும் தெரிந்த ஒருவர் என்ன செய்வார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் அனுபவத்தில் கண்டதையும் சொல்லியாக வேண்டும். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் டேப்லெட்டில் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். கேள்வி 52-இலிருந்து 27-ஐக் கழிப்பது. கீழே நான்கு விடைகள். அவன் முதல் விடையைத் தொட்டான், சிவப்பு வந்தது. இரண்டாவதைத் தொட்டான்; சிவப்பு. மூன்றாவதில் பச்சை வந்து, கைதட்டல் ஒலி கேட்டு, நட்சத்திரம் ஒன்று விழுந்தது. அடுத்த கேள்விக்கும் அதே வேகத்தில் அதே வரிசையில் தொட்டான். அவன் கண் கேள்வியின் பக்கமே போகவில்லை. திரையை மூடிவிட்டு அதே கணக்கைச் சிலேட்டில் எழுதிக் கொடுத்தேன். 35 என்று எழுதினான். ஏன் என்று கேட்டேன். "ரெண்டுல ஏழு போகாது டீச்சர், அதான் ஏழுல ரெண்டக் கழிச்சேன்" என்றான். அவனுக்குக் கழித்தல் தெரிந்திருந்தது. பத்தைக் கடன் வாங்குவது என்றால் என்னவென்று மட்டும் தெரியவில்லை. இரண்டு பத்துக் குச்சிக் கட்டைப் பிரித்துக் காட்டியதும் புரிந்துகொண்டான். செயலியின் பதிவேட்டில் அவன் அன்றைக்கு நட்சத்திரங்கள் குவித்த மாணவன்.

இதைவிட நுட்பமான செயலிகள் இருக்கின்றன, இத்தகைய பிழையின் வகையைக் கண்டுபிடித்து அதற்கேற்ற கணக்கைக் கொடுக்கும் என்று நீங்கள் சொல்லலாம். இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தில்லியில் நடுநிலை வகுப்பு மாணவர்களிடம் முறையாகச் சோதித்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு, நான்கரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம் கண்டதைக் காட்டியது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தச் செயலியைப் பயன்படுத்திய மையங்களில் நாள்தோறும் நடந்த ஒன்றரை மணி நேரத்தில் பாதி நேரம் மட்டுமே கணினியில் கழிந்தது. மறுபாதியில் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்று பயிற்றுநர் உடன் அமர்ந்தார். அதுவும் பள்ளிக்கூடம் முடிந்த பின்னால் நடந்த வகுப்பு. பள்ளியோடு சேர்ந்து, பயிற்றுநரோடு சேர்ந்து கருவி பலன் தந்தது என்பதை, பள்ளிக்கும் பயிற்றுநருக்கும் பதிலாகக் கருவி போதும் என்று மாற்றிச் சொல்வது பொருந்தாது. ஆளில்லாமல் கருவியை மட்டும் கொடுத்த பெரு நாட்டின் கதையையும் பாருங்கள். அந்நாடு பள்ளிப் பிள்ளைகளுக்கு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை வழங்கியது. 2012-இல் வெளியான மதிப்பீட்டில் மொழியிலோ கணிதத்திலோ மதிப்பெண் உயர்ந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. வளர்ந்தவர்களின் நிலையும் இதுதான். உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்கள் இணையத்தில் நடத்திய இலவசப் படிப்புகளில் 2017-18-இல் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேரே படிப்பை முடித்தார்கள். ஆர்வத்தோடு தாமாக வந்து சேர்ந்த பெரியவர்களுக்கே இப்படியென்றால், எட்டு வயதுப் பிள்ளை தனியே திரையோடு இருந்து படித்துவிடும் என்று நாம் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

ஆசிரியர் எண்ணிக்கையைக் குறைத்துக் கல்வியை மலிவாக்க வேண்டும் என்ற ஆசை இன்றைக்குப் பிறந்ததல்ல. திரைப்படம் வந்த புதிதில், 1913-இல், பள்ளிகளில் இனிப் புத்தகமே தேவைப்படாது என்று எடிசன் சொன்னார். அதற்கும் முந்திய ஒரு வரலாறு நம் தமிழ் மண்ணிலேயே தொடங்கியது. எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான இல்லத்தை 1789 முதல் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும் சட்டாம்பிள்ளை முறையையும் சேர்த்துக்கொண்டார். 1797-இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியாக அது 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுவதும் பரவியது. அங்கே அதை விரும்பியவர்களுக்குப் பிடித்திருந்தது அதன் சிக்கனம். ஓர் ஆசிரியர், சில சட்டாம்பிள்ளைகள், ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். நம் திண்ணையில் சட்டாம்பிள்ளை, ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வாத்தியாரின் கண் முன்னால் வேலை செய்தவன். அந்தக் கண் எட்டாத தொலைவுக்கு முறையை நீட்டியபோது, மனப்பாட ஒப்பிப்பும் கூச்சலும்தான் மிஞ்சின. 1840-களில் இங்கிலாந்து அதைக் கைவிட்டு, ஆசிரியரைப் பயிற்றுவித்து உருவாக்கும் வழிக்குத் திரும்பியது. இடைப்பட்ட நாற்பது ஐம்பது ஆண்டுகளில் அந்தக் கூடங்களில் உட்கார்ந்து எழுந்து போன ஏழைப் பிள்ளைகளுக்கு இழப்பீடு கொடுத்தவர் எவருமில்லை.

பக்கத்தில் இருந்து சொல்லித்தரும் ஆளின் அருமையை உங்கள் முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள். பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போய் நடத்திய கடைகளில், சின்னஞ்சிறு வயதில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த ஒருவர் அடுத்தாளாகி, பின் மேலாளாகக் கடையையே நடத்தும் நிலைக்கு உயர்ந்தார். வட்டிக் கணக்கை ஏட்டிலிருந்து கற்கலாம். எந்த ஆளுக்குக் கடன் கொடுக்கலாம், எவரிடம் கையை இறுக்க வேண்டும், கணக்கில் ஒரு காசு இடித்தால் இரவு முழுவதும் உட்கார்ந்து தேட வேண்டும் என்ற ஒழுங்கு ஆகியவற்றை மூத்தவர் பக்கத்தில் இருந்துதான் கற்க முடிந்தது. அதனால்தான் எந்தக் குடும்பமும் பிள்ளைக்கு ஏட்டை மட்டும் கொடுத்து அனுப்பாமல், பொறுப்பான மேலாள் யார் என்று விசாரித்து அனுப்பியது.

கோட்டையூர் வள்ளல் அழகப்பர் அறிவியலின் பக்கம் நின்றவர் என்பதில் ஐயமில்லை. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அவர். 1948-இல் பண்டித நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அதே அழகப்பர் 1947-இல் கல்லூரி தொடங்கியதோடு நிற்காமல், ஆசிரியர்களை உருவாக்கும் பயிற்சிக் கல்லூரி ஒன்றையும் காரைக்குடியில் நிறுவினார். ஆய்வகத்துக்குக் கொடுத்த கைக்கு ஆசிரியர் எவ்வளவு முதன்மையானவர் என்பது தெரிந்திருந்தது. அவர் கல்லூரியின் தமிழ்த் துறைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது, தமிழறிஞர் மேலைச்சிவபுரி வ.சுப. மாணிக்கனார் போன்றவர்கள் அங்கே வகுப்பெடுத்ததால்தான்.

வகுப்பறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பாடம் நடக்கும் இடம் என்ற அளவோடு அதன் பயன் முடிவதில்லை. நம் ஊர்களில் தெரு என்றால் சாதி என்பதை நாம் எல்லோரும் அறிவோம். வெவ்வேறு தெருக்களின் பிள்ளைகள் ஒரே பாயில் தோளோடு தோள் உட்கார்ந்து, சாப்பாட்டுக்கு ஒரே வரிசையில் தட்டோடு நின்று, ஒருவன் சொன்ன விடையை இன்னொருவன் மறுத்துப் பேசி, பிறகு இருவரும் சேர்ந்து விளையாடப் போகும் இடம் ஊரில் இது ஒன்றுதான். அங்கேயும் தானாக எதுவும் நடந்துவிடாது. யார் பக்கத்தில் யாரை உட்காரவைப்பது, தண்ணீர்ப் பானையை யார் தொட்டாலும் யாரும் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்வது, கேலிப் பேச்சு எழுந்தால் அந்த நொடியிலேயே நிறுத்துவது என்று ஆசிரியர் நாள்தோறும் கவனித்துச் செய்வதால்தான் நடக்கிறது. ஆளுக்கொரு திரையைக் கொடுத்து ஆளுக்கொரு காதொலிக் கருவியையும் மாட்டிவிட்டால், ஒரே அறையில் இருந்தாலும் அவரவர் தெருவிலேயே இருப்பதற்கு ஒப்பாகிவிடும்.

பிள்ளை வராவிட்டால் தேடிப் போவதும் ஆசிரியர்தான். கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் யார் எத்தனை நாள் வரவில்லை என்ற பட்டியல் துல்லியமாக இருக்கும். ஆறாம் வகுப்புப் போக வேண்டிய பெண் பிள்ளையை வீட்டில் தங்கையைப் பார்த்துக்கொள்ள நிறுத்திவிட்டார்கள் என்பதை அறிந்து, மாலையில் அந்த வீட்டு வாசலில் போய் நின்று, அம்மாவிடம் பேசி, மறுநாள் அவளைக் கையோடு அழைத்துவரப் பட்டியலால் முடியாது. காலை உணவுத் திட்டம் கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் 2024 ஜூலையில் வந்த பிறகு, வரும் பிள்ளைகளின் முகம் தெளிந்திருக்கிறது. சாப்பிட்டும் சோர்ந்திருக்கும் பிள்ளையை அருகில் அழைத்து, நேற்றிரவு வீட்டில் என்ன நடந்தது என்று தாழ்ந்த குரலில் கேட்பவர் வேண்டும்.

இதற்கெல்லாம் மறுப்பாக நீங்கள் சொல்லக்கூடிய ஒன்றை நான் மதித்தே பேசுகிறேன். எல்லா ஆசிரியர்களும் அப்படியா இருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். இல்லை. நேரத்துக்கு வராதவர், பிள்ளையை அடிப்பவர், பாடநூலை வாசித்துவிட்டு நாற்காலியில் சாய்பவர் உண்டு. நாட்டின் கிராமப்புறங்களில் 2018-க்கும் 2022-க்கும் இடையில், இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நூற்றுக்கு 27-இலிருந்து 20 அளவுக்குக் குறைந்ததை, பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடுவீடாகச் சென்று அளக்கும் அசர் அறிக்கை காட்டியது; முதல் எண்ணே பெருமைப்படத்தக்கதாக இல்லை. ஆனால் சரியில்லாத ஆசிரியருக்குப் பரிகாரம் சரியான ஆசிரியர். உங்கள் பள்ளியில் யாரை அமர்த்துவது என்பது உங்கள் கையில் இருக்கிறது; பரிந்துரைக் கடிதத்தைப் பார்க்காமல், விண்ணப்பித்தவரை அரை நாள் வகுப்பெடுக்கச் சொல்லிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். அவருக்குக் கொடுக்கும் சம்பளமும் அப்படியே. அரசுப் பள்ளிகளில் தற்காலிக இடைநிலை ஆசிரியருக்கு 2022-இல் முதலில் அறிவிக்கப்பட்ட தொகை மாதம் 7,500 ரூபாய். சித்தாள் வேலைக்குப் போகும் பெண் இந்த ஊரில் அதைவிடக் கூடுதலாக ஈட்டுகிறார். நிர்வாகம் அமர்த்தும் ஆசிரியருக்கும் நம் பள்ளிகள் பலவற்றில் அந்த அளவுதான் தரப்படுகிறது. அந்தப் பணத்துக்கு வருபவர் வேறு வேலை கிடைத்ததும் போய்விடுவார், பிள்ளைகள் ஆண்டுக்கொருவரைப் பார்ப்பார்கள்.

தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். ஆயினும் ஒரே ஆசிரியரை வைத்து இயங்கும் பள்ளிகள் நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேல் இருப்பதாக 2024-25 கல்வியாண்டுக்கான அரசின் புள்ளிவிவரமே கூறுகிறது. ஒருவர் ஐந்து வகுப்பையும் பார்த்து, தலைமையாசிரியர் வேலையையும் பார்த்து, வருகைப் பதிவு முதல் உணவுக் கணக்கு வரை கைபேசியில் பதிவேற்றிக்கொண்டிருக்கும்போது, அவருக்கு உதவியாக வாங்கித் தரும் கருவிகூட அவர் நேரத்தைத்தான் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. முதலில் அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும்.

கருவி எங்கே பயன்படும் என்று கேட்டால், பல இடங்களில். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்குப் பாடத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒரு வரம். இயற்பியல் ஆசிரியர் இல்லாத மேல்நிலைப் பள்ளிக்கு, வேறொரு பள்ளியின் நல்ல ஆசிரியரை வாரம் சில மணி நேரம் திரைவழியே கொண்டுவரலாம். எரிமலையையும் இதயத்தின் வால்வையும் காணொளியில் காட்டுவதுபோல் கரும்பலகையில் காட்ட முடியாது. வினாத்தாள் தயாரிக்கவும், தேர்ச்சிப் பட்டியல் போடவும் செயற்கை நுண்ணறிவு உதவினால் ஆசிரியருக்குப் பிள்ளைகளோடு இருக்க நேரம் கிடைக்கும். இவை அனைத்திலும் வகுப்பில் ஆசிரியர் இருக்கிறார். எப்போது திரையைப் போடுவது, எப்போது அணைப்பது என்று அவர் முடிவு செய்கிறார்.

ஒன்றை மனம் திறந்து சொல்கிறேன். தவறாக எண்ண வேண்டாம். திறன்பலகையின் மேல் உபயதாரர் பெயரைப் பொறிக்கலாம், திறப்பு விழா நடத்தலாம், படம் எடுத்து உறவினருக்கு அனுப்பலாம். ஆசிரியர் சம்பளத்தில் பெயர் பொறிக்க இடமில்லை. கொடுப்பவர்கள் பொருளாகக் கொடுக்க விரும்புவதன் காரணம் இதுவாகவும் இருக்கலாம். பொருள் சில ஆண்டுகளில் பழுதாகும். உத்தரவாதக் காலம் முடிந்ததும் பழுது பார்க்க மதுரையிலிருந்து ஆள் வர வேண்டும். நல்ல ஆசிரியரிடம் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற பிள்ளை பிறகு ஆயுள் முழுவதும் படிக்கும். உங்கள் பாட்டனார்கள் வரவில் மகமை என்று அறத்துக்கு ஒரு பங்கு எடுத்துவைத்துப் பள்ளிகளையும் பாடசாலைகளையும் நடத்தியபோது, கட்டடத்தோடு வாத்தியாருக்கும் சேர்த்தே வழி செய்தார்கள்.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இவை. ஓய்வால் காலியாகும் எந்த ஆசிரியர் இடத்தையும் திரையைக் காரணம் காட்டிக் காலியாக விடாதீர்கள். அறக்கட்டளை ஒவ்வொன்றும் நிலைவைப்பு ஒன்றை ஏற்படுத்தி, அதன் வட்டியிலிருந்து பள்ளிக்கு ஒரு கூடுதல் ஆசிரியருக்காவது, கௌரவமாக வாழத்தக்க சம்பளத்தை, இடையில் நிற்காமல், குறைந்தது ஐந்தாண்டுக்கு உறுதி செய்யுங்கள். அரசுப் பள்ளிகளுக்கு உதவ விரும்புவோர் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தின் வழியே கொடுக்கும்போதும், பொருளைத் தேர்ந்தெடுக்குமுன் அந்தப் பள்ளியில் எத்தனை ஆசிரியர் குறைவு என்று தலைமையாசிரியரைக் கேளுங்கள். கருவி வாங்குவதாயின் வாங்குவதற்கு முன் ஆசிரியர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். எங்கள் வட்டாரத்தில் நடந்த விற்பனைக் கூட்டங்கள் எதற்கும் வகுப்பெடுப்பவர் ஒருவரைக்கூட அழைத்ததாக நான் அறியவில்லை.

ஜூனில் பள்ளி திறப்பதற்குள் ஆள் அமர்த்த வேண்டுமானால் ஏப்ரலிலேயே விண்ணப்பம் கேட்டாக வேண்டும். புதிதாக வருபவர்களுக்குக் கோடை விடுமுறையில் தொடக்க வகுப்புகளுக்கு வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் முறையைச் சொல்லித்தர, என்னோடு ஓய்வுபெற்ற ஆசிரியைகள் சிலர் ஊதியம் எதுவும் பெறாமல் வர இசைந்திருக்கிறார்கள், நானும் வருகிறேன். தீர்மானம் எடுக்கப்போகும் அடுத்த பள்ளிக் குழுக் கூட்டத்தில் எங்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.